இரண்டு வெள்ளிக் கால்மிதி

கடைகளில் இரண்டு மூன்று வெள்ளிக்கே கால்மிதி கிடைக்கிறது. அப்படியிருக்க, பழைய சட்டைகளை வெட்டி, பின்னி, பல மணி நேரம் செலவிட்டு வீட்டிலேயே ஒரு கால்மிதி செய்ய வேண்டுமா? இக்கேள்வி நியாயமானதே. ஆனால், விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை கூறிவிட முடியாது.

முதலில், சிங்கப்பூரில் வீசப்படும் துணிகள் எங்குச் செல்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் இங்கு ஏறத்தாழ 189,000 டன் துணி, தோல் கழிவுகள் சேர்ந்தன. அவற்றில் ஏறக்குறைய 4 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. மறுசுழற்சிக்குச் செல்லாத துணிகள் எரியாலையில் எரிக்கப்படுகின்றன. அந்தச் சாம்பல், 1999ஆம் ஆண்டுமுதல் செயல்பட்டுவரும் செமாக்காவ் குப்பை நிரப்பிடத்தைச் சென்றடைகிறது. அவ்விடமும் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

பழைய ஆடைகளை நன்கொடையாகக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். நல்ல நிலையில் இருக்கும் ஆடைகளுக்கு அதுவே சிறந்த வழி. ஆனால், கழுத்துப் பகுதி தளர்ந்த டி-சட்டையையும் கறை படிந்த பள்ளி முகாம் சட்டையையும் யார் விரும்பி அணிவார்கள்? யாருக்குமே உதவாத ஒன்றைக் கொடுப்பது கொடையாகாது. அது குப்பையை இடம் மாற்றுவதே ஆகும். கால்மிதி செய்வதற்கு ஏற்றவை இத்தகைய துணிகள்தாம்.

இதற்குத் தையல் இயந்திரம் தேவையில்லை. கத்தரிக்கோல், ஊசி, தடித்த நூல் ஆகியவை போதும். பருத்தி டி-சட்டையை மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டி இழுத்தால், அவற்றின் ஓரங்கள் தாமாகவே சுருண்டுகொள்ளும், நூல் பிரியாது. மூன்று நாடாக்களைச் சடை பின்னுவதுபோல் பின்ன வேண்டும். நாடா முடியும் இடத்தில் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, ஒன்றை மற்றொன்றில் கோத்து இழுத்தால் அடுத்த நாடா இணைந்துவிடும். பிறகு, பின்னலைத் தரையில் வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு கையால் தைக்க வேண்டும். இறுக்கமாக இழுத்துத் தைத்தால் கால்மிதி கிண்ணம்போல் குழிந்துவிடும். ஆகவே, வளைவுகளில் பின்னலைச் சற்றுத் தளர்வாக விடுவது அவசியம். வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை ஒன்றை விரிக்கலாம்.

இவ்வேலை பொறுமையைக் கற்றுத் தருகிறது என்பது உண்மை. அதைவிட முக்கியமாக, துணியைப் பற்றிய அறிவைத் தருகிறது. பருத்தி நீரை உறிஞ்சும்; விளையாட்டுச் சட்டைகளில் உள்ள பாலியஸ்டர் அந்த அளவுக்கு உறிஞ்சாது. ஒரு சிறிய கால்மிதிக்கே பல சட்டைகள் தேவைப்படுகின்றன. அவற்றைத் தேடி அலமாரியைத் திறக்கும்போதுதான், அணியாமலேயே கிடக்கும் ஆடைகள் எத்தனை என்பது தெரியவருகிறது.

முன்பு பல தமிழ்க் குடும்பங்களில் நைந்த புடவை குழந்தைக்கு ஏணையானது. பின்னர், அடுப்படியில் சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணியானது. அதற்கு வறுமை மட்டும் காரணமன்று. ஒரு பொருளை அதன் பயன் முடியும்வரை பயன்படுத்துவது நல்ல பழக்கமாகக் கருதப்பட்டது.

எனினும், கால்மிதிகளால் மட்டும் துணிக்கழிவுச் சிக்கல் தீர்ந்துவிடாது. அழகான நிறம் வேண்டும் என்பதற்காகப் புதுத்துணி வாங்கிக் கால்மிதி பின்னினால், நோக்கமே கெட்டுவிடும். குறைவாக வாங்குவதே முதல் தீர்வு. ஒவ்வொரு முகாமுக்கும் ஒவ்வோர் ஓட்டப்போட்டிக்கும் புதிய டி-சட்டை தேவைதானா என்று ஏற்பாட்டாளர்களும் சிந்திக்க வேண்டும்.

பள்ளிகள் இதற்கு ஒரு தொடக்கத்தை ஏற்படுத்தலாம். ஒவ்வொரு வகுப்பும் தன் மாணவர்களின் பழைய சட்டைகளைக் கொண்டு ஒரு கால்மிதி பின்னி, வகுப்பறை வாசலில் விரிக்கட்டும். தம் கையால் நாடா வெட்டி, பின்னி, தைத்த மாணவர், அடுத்த முறை மலிவு விற்பனையில் ஒரு சட்டையை எடுக்கும்போது சற்று யோசிப்பார். அந்த யோசனையைக் கடையில் வாங்கும் இரண்டு வெள்ளிக் கால்மிதி தராது.