பதினெட்டு ஆண்டுகளாக நிறையாத டேங்க்

சென்ற கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் கழிவுநீர் லாரி வந்து நின்றது. தடித்த குழாயைத் தெருவின் குறுக்கே இழுத்துப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், எதிர்வீட்டுக்காரர், என்னிடம் சொன்னார்: "எங்க டேங்க்க ஒரு தடவகூட அள்ளினது இல்ல சார். வீடு கட்டிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நிறைஞ்சதே இல்ல." சொன்ன குரலில் பெருமை இருந்தது. கட்டிக்கொடுத்த கொத்தனாரை வாயார வாழ்த்தவும் செய்தார்.

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். நிறையாத டேங்க் நல்ல டேங்க் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சரியாகக் கட்டிய செப்டிக் டேங்கின் தரையும் சுவரும் நீர் கசியாதபடி பூசப்பட்டிருக்கும். உள்ளே இரண்டு அறைகள் இருக்கும். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசையுள்ளது மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போகும். அடியில் படிந்த கசடு எங்கும் போகாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக எடுக்காமலும் அடைக்காமலும் ஒரு டேங்க் இருக்கிறதென்றால் அதற்கு அடித்தளமே போடவில்லை என்று பொருள். அல்லது டேங்க் என்ற பெயரில் நாலைந்து சிமென்ட் உறைகளை இறக்கி மேலே மூடி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இல்லையென்றால் வெளியேறும் குழாயைத் தெருச் சாக்கடையில் சொருகிவிட்டிருப்பார்கள்.

எதிர்வீட்டு மனை 30க்கு 40. வாஸ்து பார்த்துக் கட்டியது. போர் ஈசானிய மூலையில், செப்டிக் டேங்க் வாயு மூலையில். அதாவது இரண்டுமே வடக்குப் பக்கத்தில், ஒன்று கிழக்கு ஓரம், ஒன்று மேற்கு ஓரம். இடைவெளி அதிகம் போனால் 30 அடி, 9 மீட்டர். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் நடுவே 15 மீட்டராவது வேண்டும் என்பது பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சரி, எதிரெதிர் மூலைகளில் வைத்தால்? 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை 50 அடி. ஏறத்தாழ 15 மீட்டர். ஆனால், மனையின் கடைக்கோடி மூலைகளில் யாரும் தோண்டுவதில்லை. அதோடு பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கிறது. அவர்களும் இதே முறையில் கட்டியிருக்கிறார்கள். கிழக்கு வீட்டின் வாயு மூலை நம் ஈசானிய மூலையை ஒட்டித்தான் வரும். வரிசையாக மனை பிரித்த ஒரு நகரில் எல்லோரும் இப்படிக் கட்டினால், ஒவ்வொருவருடைய போரும் கிழக்கு வீட்டுக்காரருடைய செப்டிக் டேங்குக்கு அருகே, ஒரு காம்பவுண்டுச் சுவர் இடைவெளியில் அமைந்துவிடும்.

மணலும் வண்டலும் உள்ள மண் கிருமிகளை ஓரளவு வடிகட்டும். தமிழ்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை. பாறை வெடிப்பில் இறங்கும் நீருக்கு வடிகட்டி எதுவும் கிடையாது, வெடிப்பு போகும் தூரம் கிருமியும் போகும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. இன்று போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். வாங்க முடியாதவர்கள் அதே போரைத்தான் குடிக்கிறார்கள்.

இது ஏதோ விதிவிலக்கான ஊரின் கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புற வீடுகளில் 32.7% பாதாளச் சாக்கடையோடு இணைந்தவை. செப்டிக் டேங்க் வைத்தவை 38.2%. நகரங்களிலேயே இதுதான் நிலை. கிராமங்களைச் சொல்லவே வேண்டாம். பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பதிலும் அர்த்தம் இல்லை. நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,200 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது, உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,000 கோடி லிட்டர் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21இல் தந்த கணக்கு. தவிர, பாதாளச் சாக்கடை ஓடுவதற்கே தண்ணீர் வேண்டும். அது உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்று மத்திய அரசின் பொறியியல் கையேடு வகுத்திருக்கிறது. கோடையில் வாரம் ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் பேரூராட்சியில் மண்ணுக்கடியில் குழாய் பதித்தால் அதில் எது ஓடும்?

2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஐந்தே ஆண்டுகளில் கிராமப்புறங்களில் 10 கோடிக் கழிப்பறைகளைக் கட்டியதாகச் சொன்னது. எண்ணிக்கை பற்றி விவாதங்கள் உண்டு. ஆனால், இருட்டும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கு வீட்டோடு ஒரு கதவும் தாழ்ப்பாளும் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் காத்திருப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் அறிவார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அந்த இயக்கம் பரிந்துரைத்த இரட்டைக் குழி முறையும் நல்ல முறைதான். ஒரு குழி நிறைந்ததும் அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மூடிவைத்தால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிவிடும். கையில் எடுத்தாலும் நாற்றம் இருக்காது. ஆனால், பல ஊர்களில் மக்கள் சேமிப்பைப் போட்டுப் பெரிய ஒற்றைக் குழியாகவே தோண்டிக்கொண்டார்கள். சிறு குழி சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்தால் யார் அள்ளுவது என்ற பயம். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. நம் வீட்டில் மக்கிய எருவைக்கூட நாம் தொட மாட்டோம், தொடுவதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டோம்.

2019 ஆகஸ்ட் 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் தருவதாக வாக்களித்தது. மகிழ்ச்சி. வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நாலு பேர் உள்ள 500 வீடுகள் கொண்ட ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், குழாய் வந்த நாளிலிருந்து தினமும் 88,000 லிட்டர் கழிவுநீர். குடத்தில் சுமந்த காலத்தில் இதில் பாதிகூட இருந்திருக்காது. இந்தப் புதுத் தண்ணீர் எங்கே போகும்? ஊர்க் குளத்துக்கும், கழிப்பறைக் குழி வழியே நிலத்தடிக்கும் போகும். அந்த நிலத்தடியிலிருந்துதான் ஊராட்சியின் போர் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் என்று 1971இலேயே குடிநீரையும் வடிகாலையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்த மாநிலம் இது. குடிநீருக்குக் கூட்டுத் திட்டம் கூட்டுத் திட்டமாகப் போட்டோம். வீட்டுக்குள் இருக்கும் குழி எப்படிக் கட்டப்படுகிறது என்று போய்ப் பார்க்க ஓர் அதிகாரியை நியமிக்கவில்லை.

இனி அந்த லாரி. அன்று ஓட்டுநரிடம் கேட்டேன், எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று. அவர் தயங்கவில்லை. "பிளான்ட்டு இருவத்தி நாலு கிலோமீட்டர் சார். போய் வர டீசலுக்கே சரியாப் போயிடும். நாளைக்கு நாலு டிரிப் அடிச்சாத்தான் வண்டிக்கு டியூ கட்ட முடியும்." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஓடை இருக்கிறது. சில இடங்களில் விவசாயிகளே வயலில் விடச் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள், எரு என்பதால். பக்குவப்படாத கசடில் குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த வயலில் வெறுங்காலோடு களை எடுக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. டேங்க் கசடு சாதாரணச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. ஒரு லாரிச் சுமை ஒரு சிறு குளத்தைக் கெடுக்கப் போதும். ஓட்டுநரை மட்டும் பிடித்து அபராதம் போட்டால், பகலில் கொட்டுபவர் இரவில் கொட்டுவார்.

லாரி வர முடியாத சந்துகளிலும், கசடு இறுகிப்போன டேங்குகளிலும் மனிதரைத்தான் இறக்குகிறார்கள். கையால் மலம் அள்ளுவதை 1993இலும், இன்னும் கடுமையாக 2013இலும் சட்டம் தடை செய்தது. பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள்வரை சிறை. 1993க்குப் பிறகு இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் தரப்படும் இறப்புக் கணக்குகளில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. டேங்குக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமலே போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து ஒருவர் இன்னும் ஒரு படி இறங்குகிறார். அவர் சாய்ந்ததும் அண்ணனோ மச்சானோ காப்பாற்றக் குதிக்கிறார். மறுநாள் செய்தியில் மூன்று பெயர்கள். பதினெட்டு ஆண்டுகளாக அள்ளாத டேங்குதான் இப்படி இறுகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளும் டேங்கை லாரிக் குழாயே உறிஞ்சிவிடும், ஆள் இறங்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. செப்டிக் டேங்க் கசடு மேலாண்மைக்கு 2014இலேயே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்ட மாநிலம் இது. தேசியக் கொள்கை வந்தது 2017இல்தான். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையம் வந்தது. திருச்சியில் லாரிகள் கழிவுநீர் உந்து நிலையங்களில் இறக்கவும், அங்கிருந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவும் ஏற்பாடு செய்தார்கள். லாரிகளுக்கு உரிமமும் கட்டாயமாகியிருக்கிறது. திருச்சி மாவட்டத்துக்கே இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. முசிறியில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறையைக் கட்டி, பயன்படுத்த வருபவர்களுக்குக் காசு கொடுத்தது ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம். பிரித்தெடுத்த சிறுநீரை வாழைக்கு உரமாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதை முன்னின்று நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் லாரி எப்போது வருகிறது? வீட்டில் நீர் எதிர்த்து வரும்போதும், கல்யாணத்துக்கு முந்தின நாளும்தான். குப்பை வண்டி வீட்டுக்காரர் கூப்பிட்டா வருகிறது? இந்தக் கேள்வியில்தான் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. டேங்க் அள்ளுவது உள்ளாட்சியின் வழக்கமான பணியாக வேண்டும். வார்டு வாரியாக, தெரு வாரியாக, மூன்று ஆண்டுகளில் ஊர் முழுவதும் ஒரு சுற்று. மகாராஷ்டிரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள வாய் என்ற சிறு நகரம் 2018 முதல் இப்படித்தான் செய்கிறது. வீடுகளிடம் சுகாதார வரி வாங்கிக்கொண்டு, கூப்பிடாமலே முறை வைத்து அள்ளுகிறார்கள். மலேசியாவில் கட்டாய முறையை விட்டு, விரும்பினால் அழைக்கலாம் என்று மாற்றியபோது அழைப்பவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். மனித இயல்பு எங்கும் ஒன்றுதான்.

செலவு? எங்கள் தெருவில் அன்று கொடுத்தது 3,000 ரூபாய். 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 83 ரூபாய். கேன் தண்ணீருக்கு இதைப்போலப் பல மடங்கு செலவழிக்கிறோம். சொத்து வரியோடு சேர்த்து வாங்கலாம், ஓட்டு வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் தள்ளுபடி செய்யலாம். லாரிக்காரருக்கு வீட்டில் காசு கொடுக்காமல், சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய பிறகு உள்ளாட்சி பணம் கொடுத்தால் ஓடையில் கொட்ட அவருக்குக் காரணமே இருக்காது. தொலைவான பேரூராட்சிகளுக்கு நாலைந்து ஊர்களின் நடுவே சிறிய கசடு நிலையம் போதும். உலர்த்தும் படுக்கைகளுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, வெயில் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

கட்டட வரைபட அனுமதியில் செப்டிக் டேங்க் ஒரு சதுரமாக வரையப்பட்டிருக்கும். மூடி போடும் முன் உள்ளாட்சிப் பணியாளர் ஒருவர் வந்து தண்ணீர் நிரப்பச் சொல்லி, மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். மின் இணைப்புக்கு முன் வயரிங்கைச் சரிபார்க்கிறோம், இதற்கு ஏன் கூடாது? பழைய டேங்குகள்தான் கடினம். அவற்றின் மூடிகள் போர்ட்டிகோ டைல்ஸுக்கும் சமையலறைத் தரைக்கும் அடியில் கிடக்கின்றன.

எங்கள் வீட்டு டேங்கும் அப்படித்தான். போன மாதம் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கடப்பாரையின் பின்பக்கத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று டைல்ஸைப் பெயர்த்து, சிலாபை நகர்த்தி, காற்றாடட்டும் என்று திறந்துபோட்டு வைத்தோம். மறுநாள் வாசலில் நின்றபடியே நீளமான மூங்கில் ஒன்றை உள்ளே இறக்கினார். அடியில் சிமென்ட்டில் இடிக்கும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தோம். மூங்கில் இடிக்கவில்லை. அவர் அழுத்த அழுத்த மண்ணுக்குள் இறங்கியது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் போர் மோட்டார் தெரிகிறது.