இழுக்கும்யா, இழுக்கும்... நிறுத்துமா?

ரெண்டு வாரமா ஒரு பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு மக்களே. இந்த டல்லாஸ் பக்கம் நமக்கு ஒரு நண்பர். பொட்டி தட்டுற கூட்டம்தான், நம்மள மாதிரியே. கொரோனா சமயத்துல ஊரு உலகமே டிரெய்லர் வாங்கிச்சே, அப்ப பிடிச்ச ஆசை, இப்பதான் காசு சேர்ந்திருக்கு. நாப்பது அடி ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒண்ணு பாத்து வெச்சுட்டாரு. ஜூன்ல ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க. குடும்பத்தோட கொலராடோ, அங்கிருந்து யெல்லோஸ்டோன். திட்டம் பிரமாதம். அதை இழுக்க முக்கால் டன் டீசல் பிக்கப் ஒண்ணுக்கு அட்வான்ஸும் குடுத்துட்டாரு. குடுத்த பிறகு என்கிட்ட "வண்டி எப்படி?"ன்னு கேட்டாரு.

அந்த டிரெய்லருக்கு இந்த வண்டி ஆகாதுன்னு சொன்னேன். அன்னிக்கிலேருந்து பேச்சு கொஞ்சம் குறைஞ்சு போச்சு :-(

ஃபோன்ல சொன்னா சண்டையாகுது. அதனால முழுசா எழுதிடறேன். பெரிய டிரெய்லர் ஆசையில இருக்கற மத்தவங்களுக்கும் ஆகும். ஒண்ணு சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது. ஏழெட்டு வருஷமா டிரெய்லர் இழுக்கறவன், ஒரு தடவை சாவைப் பக்கத்துல பாத்தவன். தகுதி அவ்வளவுதான்.

நண்பர் சொன்ன வாதம் இது: "சேல்ஸ்மேன் சொன்னாரு, இது உங்க வீட்டையே இழுக்கும்னு." இழுக்கும்தான். யாரு இல்லன்னா? இன்னிக்கு வர்ற டீசல் எஞ்சின்களோட இழுவை பயங்கரம். ஃபோர்டு 2023 மாடல்ல பவர் ஸ்ட்ரோக் ஹை அவுட்புட்டுக்கு 1,200 பவுண்டு-அடி டார்க்னு அறிவிச்சாங்க. எஃப்-450 அதிகபட்சம் 40,000 பவுண்டு இழுக்கும்னாங்க. அதாவது பதினெட்டு டன். விளம்பரத்துல பாத்தா புல்லரிக்கும். ஆனா அந்த எண்ணு ஒரு குறிப்பிட்ட கேபின், ஒரு குறிப்பிட்ட ஆக்ஸில், கூஸ்நெக் கொக்கி எல்லாம் சேர்ந்த ஒரே ஒரு வண்டிக்கு. நீங்க வாங்கப்போற லெதர் சீட்டு, சன் ரூஃப் வண்டிக்கு இல்ல.

இழுக்கறது வேற, சுமக்கறது வேற, நிறுத்தறது வேற. எஞ்சின் முதல் வேலையை மட்டும்தான் முழுசா பாக்கும். மத்த ரெண்டும் ஸ்பிரிங், ஆக்ஸில், டயர், பிரேக் பாக்கற வேலை.

இது எனக்கு அமெரிக்காவுல தெரிஞ்ச விஷயம் இல்ல. கொசுவர்த்தியை லேசா சுத்திக்கறேன். கோவில்பட்டி பக்கம் எங்க தாத்தா பாரவண்டி வெச்சிருந்தாரு. பருத்தி மூட்டை ஏத்தும்போது அவரு பாக்கறது மூட்டை எத்தனைன்னு இல்ல, நுகத்தடி எப்படி நிக்குதுன்னுதான். பின்பாரம் ஆயிட்டா நுகம் மேல தூக்கி மாட்டுக் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் அதிகமானா மாடு தலையே தூக்காது. கொஞ்சூண்டு முன்பாரம் இருக்கணும். மூட்டையை முன்ன தள்ளி, பின்ன தள்ளி, கையால நுகத்தைத் தூக்கிப் பாத்து அப்புறம்தான் கிளம்புவாரு.

டிரெய்லர்லயும் அச்சு அசலா அதே சங்கதி. பம்பர் பக்கம் மாட்டற டிரெய்லரா இருந்தா மொத்த எடையில 10-லேருந்து 15 சதவீதம் கொக்கி மேல இறங்கணும். இங்க டங் வெயிட்ங்கறாங்க, தாத்தா முன்பாரம்னாரு. ஃபிஃப்த் வீல்ங்கறது பிக்கப்போட பெட்டுக்குள்ள, பின் ஆக்ஸில் மேலயே உக்கார்ற வகை. அதுல சாதாரணமா 20 சதவீதம் கிட்ட இறங்கும். இந்த எடையை இழுக்கறதில்லீங்க. வண்டி முதுகுல *சுமக்கறது*.

இப்ப நண்பரோட கணக்கைப் போடுவோம். டிரெய்லர் நிறைஞ்ச எடை 14,000 பவுண்டு. அதுல 20 சதவீதம் 2,800. பெட்டுல மாட்டற கொக்கி 180. நண்பர், அவரு தங்கமணி, ரெண்டு வாண்டுங்க, அம்மா, அஞ்சு பேரு சேர்ந்து 610 (தங்கமணி எடையை நான் குத்துமதிப்பாத்தான் போட்டேன், சாமி சத்தியமா கேக்கல). ஐஸ் பெட்டி, டூல்ஸ், சில்லறை 100. மொத்தம் 3,690 பவுண்டு.

வண்டி எவ்வளவு சுமக்கும்? அதுக்கு இண்டர்நெட்டு வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தா நிலைப் பக்கத்துல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர். ஆளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். நண்பர் பாத்து வெச்ச வண்டியில 1,987.

தாண்டறது 1,703 பவுண்டு. கிலோவுல 770 சொச்சம். முக்கால் டன் வண்டி மேல கூடுதலாவே முக்கால் டன்!

"என்னய்யா இது, இவ்வளவு பெரிய வண்டி ரெண்டாயிரம் பவுண்டுகூட சுமக்காதா?"ன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. காரணம் கேட்டா சிரிப்பு வரும், டீசல்தான். இந்த வகையில பல வண்டிகளுக்கு மொத்த எடை எல்லை 10,000 பவுண்டுன்னு நிக்குது. டீசல் எஞ்சின் இரும்புக் குண்டு. கம்மின்ஸ் 6.7 லிட்டர் மட்டுமே ஆயிரம் பவுண்டுக்கு மேல. நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், சொகுசு சாமானெல்லாம் சேர்த்தா வெறும் வண்டியே எட்டாயிரம் பவுண்டு. மிச்சம் ரெண்டாயிரம்தான். அதே வண்டியை பெட்ரோல் எஞ்சின்ல எடுத்தீங்கன்னா இன்னும் பல நூறு பவுண்டு கூடுதலா சுமக்கும். டீசல்ல இழுக்கற சக்தி ஏறுது, சுமக்கற சக்தி இறங்குது. ஷோரூம்ல இதை யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க.

எதிர்க்கட்சி வாதமும் நியாயமா வெக்கறேன். "ரோட்டுல எத்தனையோ பேர் 2500-ல பெரிய ஃபிஃப்த் வீல் இழுக்கறான், எல்லாரும் நல்லாத்தான் இருக்கான். 2500-க்கும் 3500-க்கும் எஞ்சின் ஒண்ணு, பிரேக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஸ்டிக்கர்ல நம்பர்தான் வேற." இதுல பாதி உண்மை. மீதி பாதியிலதான் வில்லங்கம். உதாரணத்துக்கு ராம் 2500-க்கு 2014 மாடல்லேருந்து பின்னாடி காயில் ஸ்பிரிங். 3500-க்கு பட்டை ஸ்பிரிங். நாம ஏத்தற எடையில பெரும்பகுதி பின் ஆக்ஸில் மேலதான் உக்காருது. அதோட எல்லை, அந்த ரெண்டு டயரோட எல்லை ரெண்டையும் முட்டிக்கிட்டு நூறு டிகிரி வெயில்ல டெக்சஸ் ரோட்டுல ஓட்டணும். ஏர் பேக் போட்டா பின்பக்கம் தூக்கி நிக்கும், பாக்க அழகா இருக்கும். எல்லை ஒரு பவுண்டு கூட ஏறாது. "எல்லாரும் நல்லாத்தான் இருக்கான்"ங்கறதை, நல்லா இல்லாதவன் வந்து மறுத்துப் பேச மாட்டான் பாருங்க.

சரி, அந்த சாவு சமாச்சாரம். 287-ம் நம்பர் ரோடு, விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டி அமரிலோ போற வழி. என் பழைய வண்டி, அரை டன் பெட்ரோல். 28 அடி பம்பர் டிரெய்லர். மலையில்ல, மேடில்ல, தட்டை நிலம். காத்து மட்டும் சைடுல அறையுது. நான் எழுபதுல போறேன் (தப்பு எண் ஒண்ணு). பின்னாடி பம்பர்ல நாலு சைக்கிள், டிரெய்லர் பின்பக்கத் தொட்டி நிறைய தண்ணி (தப்பு ரெண்டு, மூணு). ஒரு பெரிய டிரக் என்னைத் தாண்டிச்சு. அது தாண்டி முடிச்ச நொடியில டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிச்சுது. முதல்ல மெதுவா. அப்புறம் வண்டியோட பின்பக்கத்தையே பிடிச்சு இடமும் வலமும் உலுக்குது. கண்ணாடியில டிரெய்லரோட பக்கவாட்டுச் சுவர் தெரியுது. அது தெரியவே கூடாது.

நான் பிரேக்கை மிதிச்சேன். தப்பு நாலு. ஆட்டம் இன்னும் கூடிச்சு. எப்பவோ படிச்சது ஞாபகம் வந்து காலை எடுத்துட்டு, டாஷ்போர்டுல இருக்கற டிரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் கையால அமுக்கினேன். டிரெய்லர் பின்னாலேருந்து இழுத்துப் பிடிச்சுது, நேரா வந்துது. ஓரம் கட்டி நிறுத்தினப்ப யாரும் பேசல. அஞ்சு நிமிஷம் கழிச்சு சின்னவ, "அப்பா, இன்னொரு தடவை ஆடுமா?"ன்னா. அவ அதை ஏதோ ரைடுன்னு நெனச்சிருக்கா.

அமரிலோவுல கேட் ஸ்கேல்ல ஏத்தி எடை போட்டேன். பெரிய டிரக் ஸ்டாப் நிறைய இடத்துல இந்த எடை மேடை இருக்கும், பதினஞ்சு டாலர் கிட்ட ஆகும். டிரெய்லரோட ஒரு தடவை, கழட்டிட்டு ஒரு தடவை. டிரெய்லர் 7,200 பவுண்டு, கொக்கி மேல இறங்கினது 450 கூட இல்ல. ஆறே சதவீதம். பச்சையா பின்பாரம். தாத்தா இருந்திருந்தா சாட்டைக் குச்சியாலயே ஒண்ணு வெச்சிருப்பாரு. இதுல வண்டி மேல குத்தமே கிடையாது, முழுக்க என் மடத்தனம்.

அதுக்கப்புறம்தான் ஒரு டன் டீசலுக்கு மாறினேன். அதோட அருமை ஏத்தத்துல தெரியறதை விட இறக்கத்துலதான் தெரியும். நியூ மெக்சிகோ-கொலராடோ எல்லையில ரேட்டன் பாஸ் இருக்கு, 7,834 அடி. ஐ-70-ல ஐசன்ஹோவர் டன்னல் 11,000 அடிக்கு மேல. காத்து மெலிய மெலிய டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூணு சதவீதம் மாதிரி சக்தியை விட்டுக்கிட்டே போகும். டர்போ டீசல் அவ்வளவு மூச்சு வாங்காது. இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா, எஞ்சினே கழுத்தைப் பிடிச்சு நிறுத்தற மாதிரி பிடிக்கும். பத்து டன் சேர்ந்து ஏழு சதவீதச் சரிவுல இறங்கும்போது கால் பிரேக்கைத் தொடாம வரலாம். அந்த ரோட்டுல பிரேக் போன டிரக்கெல்லாம் ஏறி நிக்க மணல் சரிவு வெட்டி வெச்சிருக்கான். அதைப் பாத்துக்கிட்டே இறங்கறப்போ இந்தச் சத்தம் சங்கீதம்.

எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. அது ரஜினி-கமல் சண்டை. கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் 1989 மாடல்லேருந்து டாட்ஜ்ல வருது. டியூராமேக்ஸ் 2001-ல ஜி.எம்.-இசுசூ கூட்டுல வந்தது. ஃபோர்டு 2011 மாடல்லேருந்து சொந்தமா செய்யறான், முன்னாடி நேவிஸ்டார் செஞ்சு குடுத்தான். மூணும் நல்ல எஞ்சின்தான். உங்க வீட்டுக்குப் பக்கத்துல நல்ல சர்வீஸ் எவன்கிட்ட இருக்கோ அதை எடுங்க.

ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் இழுக்கப் போறீங்க, மத்த நாளெல்லாம் ஆபீசுக்கு ஆறு மைல்னா டீசல் வேண்டாம். கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலர் கூடுதல். டி.இ.எஃப். ஊத்தணும், ஃபில்டர் மாத்தணும், ஆயிலே மூணு கேலன் பிடிக்கும். புகைக் கரியைப் பிடிக்கற டி.பி.எஃப். சூடாகி தன்னைத் தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க நெடுந்தூர ஓட்டம் வேணும். ஆறு மைல் ஓட்டத்துல அது அடைச்சுக்கும்.

நண்பருக்கு நான் சொன்னது ரெண்டு வழி. அந்த டிரெய்லர்தான் வேணும்னா ஒரு டன் வண்டி, எட்டடி பெட். குட்டை பெட்டுல கூர்மையா திரும்பினா டிரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடியில மோதும். பின்னாடி ஒத்தை டயர்லயே அநேகமா 3,900 கிட்ட ஸ்டிக்கர் கிடைக்கும், கணக்கு நூலிழையில நிக்கும். காத்தடிக்கற நம்ம ஊருக்கு இரட்டை டயர் இன்னும் நிம்மதி. விலை வித்தியாசம் மொத்த பட்ஜெட்ல கடுகு. இல்ல, அந்த வண்டிதான் வேணும்னா 9,000 பவுண்டுக்குள்ள ஒரு பம்பர் டிரெய்லர் பாருங்க, அப்பவும் ஸ்டிக்கரைப் பாத்துட்டு. ப்ரோஷர்ல போட்டிருக்கற வெறும் எடையை நம்பாதீங்க. அதுல தண்ணி இல்ல, காஸ் இல்ல, நாம தூக்கிட்டுப் போற அரிசி மூட்டையும் வெட் கிரைண்டரும் சத்தியமா இல்ல. அம்பது கேலன் தண்ணியே நானூறு பவுண்டு தாண்டும்.

டிரெய்லர் முதல்ல, வண்டி அப்புறம். நண்பர் தாலியை வாங்கிட்டு பொண்ணு தேடறாரு.

போன சனிக்கிழமை அவரையே கூட்டிட்டுப் போய் அந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினேன். குனிஞ்சு பாத்தாரு, ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டாரு, ஒண்ணும் பேசல. வர்ற வழியெல்லாம் ரேடியோதான்.

நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ்: "3500, எட்டடி பெட், என் கராஜுக்குள்ள நுழையுமா?"

நுழையாது. அது 22 அடி கிட்ட வரும், அவரு கராஜ் 20 அடி. ஃபோன்ல சொன்னா மறுபடி சண்டையாயிடும். நாளைக்கு டேப்பை எடுத்துக்கிட்டு நேர்லயே போறேன்.