சுரண்டாமல் பூசுவது பாதுகாப்பு ஆகாது

புதிய கார் வாங்குவோரின் பில்லில் இன்ஷூரன்ஸ், சீட் கவர், மேட் ஆகியவற்றுக்கு நடுவே 'அண்டர்பாடி கோட்டிங்' என்று ஒரு வரி சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. பழைய கார் விற்கும் இடங்களிலும் அதே பூச்சு உண்டு. அங்கே வண்டியை ரேம்பில் ஏற்றிக் காட்டும்போது அடிப்பாகம் முழுக்கக் கன்னங்கரேல் என்று மின்னும். பத்து வயது வண்டி பத்து நாள் வண்டிபோலத் தெரியும். முன்னது பெரும்பாலும் தேவைக்கு முந்திய செலவு. பின்னது பல நேரங்களில் மூடிமறைப்பு. உண்மையிலேயே பூச்சு தேவைப்படும் வண்டிக்குச் செய்ய வேண்டியது வேறு வேலை: பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, துருவை நீக்கி, தகட்டைக் காயவைத்து, அதன் பிறகே பூசுவது. அந்த வேலையைச் செய்துகொடுப்பவர்களும் குறைவு. கேட்டு வாங்குபவர்களும் குறைவு.

உப்புக்காற்றின் கணக்கு

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்னோட்டத்துக்கு நன்றாக வழிவிடுகிறது. அரிப்பின் வேகம் கூடிவிடுகிறது. குளிர்நாடுகளில் இந்த உப்பு, பனியை உருக்குவதற்காகச் சாலையில் கொட்டப்படுவது. நம் கடலோரத்தில் அதைக் காற்றே இலவசமாகக் கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரப்பதமே போதும். ஆகவே திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ ஒரு துளி மழை பெய்யாத மாதத்திலும், உப்பு படிந்த அடித்தகட்டின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கும்.

வெள்ளம் இன்னொரு கணக்கு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. என்ஜின் போனது, மின்னணுப் பாகங்கள் போயின என்றெல்லாம் பேசினோம். கதவுக்குக் கீழே பெட்டிபோல் அடைபட்டிருக்கும் பக்கச் சட்டங்களுக்குள் புகுந்து தங்கிவிட்ட சேற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தச் சேறு ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கே துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே எத்தனை கோட் கறுப்பு அடித்தாலும் அதைத் தடுக்க முடியாது.

இன்றைய பெரும்பாலான கார்களில் தனி சேஸிஸ் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தளமும் பக்கச் சட்டங்களும் கூரையும் சேர்ந்த கூடுதான் வண்டியின் எலும்பு. மோதலின் வேகத்தைத் தாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டிய தகடு அது. அங்கே துரு தின்றால் குறைவது அழகு மட்டுமல்ல, உயிர்க் காப்பும்தான்.

தொழிற்சாலை கொடுப்பதும் கடை கொடுப்பதும்

கார் தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்த கூடு, முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவப்படுகிறது. பிறகு பாஸ்பேட் போன்ற ரசாயனக் குளியல். அதன் பின் வண்ணத் தொட்டியில் முழுக்க மூழ்கவைத்து, மின்சாரம் பாய்ச்சி, எதிர்மின்வாய் முறையில் பூச்சு படியவைக்கிறார்கள். இதன் தடிமன் சுமார் 20 மைக்ரான்தான். ஆனால், மடிப்புகளுக்குள்ளும் சென்று படிந்து, சூளையில் சுடப்பட்டு இறுகுவதால் இதைப் போன்ற பிடிப்பு எந்தத் தெளிப்பானிலும் கிடைக்காது. தகடுகள் சேரும் இடங்களில் சீலர், கல்லடி படும் இடங்களில் பி.வி.சி. பூச்சு, பல வண்டிகளில் தகட்டின் மேலேயே துத்தநாக முலாம் என்று பாதுகாப்பு அடுக்கடுக்காக வருகிறது. 1980-களின் நடுவில் ஆடி நிறுவனம் தன் கார் உடலை முழுவதும் துத்தநாக முலாமிட்ட தகட்டில் கட்டத் தொடங்கியது. அதன் பிறகு கார்கள் துருவைத் தாங்கும் காலம் உலகெங்கும் நீண்டது.

இவ்வளவுக்கும் மேல் டெலிவரி நாளில் அவசரமாக அடிக்கப்படும் ஒரு கோட் பூச்சு என்ன சேர்க்கிறது? கவனமாக அடித்தால் கல்லடிக்குக் கொஞ்சம் கூடுதல் தாங்கும் சக்தி, கொஞ்சம் சத்தக் குறைவு. கவனமில்லாமல் அடித்தால் சேதம். தளத்திலும் கதவின் அடியிலும் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டால், உள்ளே போன நீர் உள்ளேயே நிற்கும். தண்ணீரைத் தடுக்க வாங்கிய பூச்சே தண்ணீரைத் தேக்கிவைக்கும்.

கடைகளில் பரவலாக அடிக்கப்படுவது தார் அல்லது ரப்பர் கலந்த தார்க் கலவை. புதிதில் அது நன்றாகவே நெகிழ்ந்து கொடுக்கும். வெயிலும் சூடும் ஏற ஏற நெகிழ்வு போய், இறுகி, விரிசல் விடும். விரிசல் வழியே நுழையும் உப்புநீர், பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையிலான நூலிழை இடைவெளியில் பரவி நிற்கும். காய்வதற்கு வழியில்லை. அந்த இடுக்கில் ஆக்ஸிஜன் குறைவு, விரிசலின் வாயில் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு மின்கலமாகி, மூடப்பட்ட பகுதியிலுள்ள இரும்பைக் கரைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பூச்சை மேலும் நெம்பித் தூக்கும். வெளியே பார்ப்பவருக்குக் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். பூச்சே இல்லாத தகட்டில் துரு கண்ணுக்குத் தெரியும். பிடிப்பு விட்ட பூச்சுக்குள் அது தெரிவதில்லை. தளர்ந்த பூச்சின் மேல் புதுப் பூச்சு அடிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம்.

சுரண்டும் வேலை

அதற்காக எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும் என்பதில்லை. தொழிற்சாலைப் பூச்சு உறுதியாகப் பிடித்திருக்கும் இடத்தில் கை வைப்பது முட்டாள்தனம். தட்டிப் பார்த்தால் பொத்தென்று ஒலிக்கும் இடம், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தகடாகப் பெயரும் இடம், ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்த தடம் உள்ள இடம் ஆகியவையே இலக்கு. அங்கிருந்து தொடங்கி, பிடிப்பான பூச்சு வரும்வரை சுரண்டிக்கொண்டே போக வேண்டும்.

முதல் வேலை கழுவுவது. வழக்கமான வாட்டர் வாஷ் மட்டும் போதாது. சட்டங்களின் துளைகளுக்குள்ளும் நீர் பாய்ச்சிச் சேற்றையும் உப்பையும் வெளியேற்ற வேண்டும். பிறகு முழுமையாகக் காய வேண்டும். அடுத்து, ஹீட் கன்னால் பூச்சை இளக்கி, தகட்டுக் கரண்டியால் வழித்தெடுப்பது. எடுத்த எடுப்பில் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் தார் உருகி இழுசிக்கொண்டு பரவும், பிரஷ்தான் வீணாகும். பெரும்பகுதியை வழித்த பிறகே கிரைண்டர். மிச்சப் பிசுக்கைக் கரைப்பான் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மேலைநாட்டுப் பட்டறைகளில் உலர் பனிக்கட்டித் துகள்களைப் பீய்ச்சும் முறை பரவியிருக்கிறது. மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிரில் பூச்சு நொறுங்கி விழும். துகள் ஆவியாகிவிடுவதால் குப்பை மிஞ்சாது. ஆனால், அது பூச்சைத்தான் எடுக்கும். ஆழமான துருவை எடுக்காது.

தகடு தெரிந்த பிறகுதான் உண்மை தெரியும். மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். குழிகளில் மிஞ்சும் துருவுக்கு டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த துருமாற்றி. ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிடம் கொடுத்து, கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். ஃபைபரோ பட்டியோ வைத்து அடைத்து மேலே கறுப்பு அடிப்பது ஏமாற்று. அதன் பின் எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், இறுதியில்தான் பூச்சு. சைலன்சர், வினையூக்கி மாற்றி, பிரேக் டிஸ்க், அச்சு, ரப்பர் புஷ், சென்சார் ஆகியவற்றை மூடிவைத்துவிட்டே தெளிக்க வேண்டும். சட்டங்களின் உள்பக்கத்துக்கு நீண்ட குழாய் முனையால் மெழுகுப் பூச்சு.

பழைய வண்டிகளுக்கு இறுகிப்போகும் தார்ப் பூச்சைவிட, இறுகாத மெழுகு அல்லது லனோலின் வகைப் பூச்சே மேல் என்பேன். அவை மெல்லிய துருவுக்குள்ளும் ஊடுருவும். ஊடாகப் பார்க்கவும் முடியும். கீழே என்ன நடக்கிறது என்பது மறையாது. ஓரிரு ஆண்டுகளில் கழுவிப்போகும், மீண்டும் அடிக்க வேண்டும் என்பதே அவற்றின் குறை. வண்டியை அடிக்கடி தூக்கிப் பார்க்கவைப்பதால் அந்தக் குறையும் நன்மைதான்.

இந்த வேலை செய்யும் தொழிலாளியையும் நினைக்க வேண்டும். முகத்துக்கு நேர் மேலே துரு கொட்டும். கரைப்பான் ஆவி மூச்சில் ஏறும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்கும் எரிபொருள் குழாயும் இருக்க, கையில் ஹீட் கன். மணல் பீய்ச்சினால் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். கண்ணாடி, சுவாசக் கவசம், காற்றோட்டம், ஜாக்கை மட்டும் நம்பாத உறுதியான முட்டு ஆகிய நான்கும் இல்லாத பட்டறையில் மலிவாக முடியும் வேலையின் மீதி விலையைத் தொழிலாளிதான் கொடுக்கிறார்.

பாலத்துக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

பூசுவதற்கு முன் சுத்தம் செய்வதுதான் பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்வீடன் வகுத்த தரநிலையிலிருந்து வளர்ந்த ஐஎஸ்ஓ 8501, எஃகின் மேற்பரப்பு எந்த அளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைப் படங்களோடு வகைப்படுத்துகிறது. கப்பல், பாலம், எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தங்களில் அந்தப் படிநிலை எழுதப்பட்டிருக்கும். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் அத்தனை உப்புக்காற்றிலும் 2022 வரை ரயிலைத் தாங்கியதற்குக் காரணம், ஓயாமல் நடந்த பராமரிப்பு. மின்வேதியியலோடு அரிப்பையும் ஆராய்ந்து 1953 முதல் இயங்கும் காரைக்குடி 'சிக்ரி' ஆய்வகமும், கடற்காற்றில் உலோகங்களைச் சோதிக்கும் அதன் மண்டபம் நிலையமும் நம் மாநிலத்தில்தான் உள்ளன. அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. கார்ப் பட்டறைக்குத்தான் அது வந்து சேரவில்லை.

முதலில் பார், பிறகு பூசு என்பதை அமெரிக்காவில் ஒரு வழக்கு பெரிய அளவில் நிலைநாட்டியது. டொயோட்டாவின் டகோமா உள்ளிட்ட வண்டிகளின் சேஸிஸ் சட்டங்கள் துருவால் ஓட்டை விழுந்தன. கூட்டு வழக்கில் 2016-ல் ஏற்பட்ட உடன்பாடு சுமார் 15 லட்சம் வண்டிகளுக்குப் பொருந்தியது. அதன் மதிப்பு 340 கோடி டாலர்வரை மதிப்பிடப்பட்டது. வண்டியைச் சோதித்து, ஓட்டை விழுந்திருந்தால் சேஸிஸ் சட்டத்தையே மாற்ற வேண்டும். தேறும் வண்டிக்கே துருத்தடுப்புப் பூச்சு. வரிசை தெளிவாக இருந்தது.

யாரும் குனிந்து பார்க்காத 15 ஆண்டுகள்

நம் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை. இடையில் வண்டி நான்கு கை மாறினாலும், அடித்தளத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புகைச் சான்று கேட்கும் சட்டம், தளம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பிரிட்டனில் மூன்று வயதான காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. இருக்கை, சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் முக்கிய இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகட்டின் வலிமையைக் குலைக்கும் துரு இருந்தால் வண்டி தேறாது.

வாடகை வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் நம்மிடம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று இருக்கிறது. ஆனால், 'எஃப்.சி.க்கு வண்டியை ரெடி பண்ணுவது' என்றால் பெயின்ட் அடிப்பது என்றே வழக்கத்தில் பொருளாகிவிட்டது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது, ஓட்டையும் இருந்தது. அதன் பிறகே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. மற்ற வண்டிகளின் தளத்தைப் பார்க்க இன்னொரு மரணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உரிமை மாற்றத்தின்போது, ஐந்து வயதைத் தாண்டிய காரை லிஃப்டில் ஏற்றி அடித்தளத்தைச் சோதித்த அறிக்கையைக் கட்டாயமாக்கலாம். அமைக்கப்பட்டுவரும் தானியங்கிச் சோதனை நிலையங்களிலேயே இதைச் செய்யலாம். கோட்டிங் அடிக்கும் கடைகள், சுரண்டிய பின், பிரைமர் அடித்த பின், பூசிய பின் என்று மூன்று நிலைப் புகைப்படங்களைப் பில்லோடு தர வேண்டும்; பூச்சின் வகையையும் பில்லில் எழுத வேண்டும்.

அரசு செய்யும்வரை வாங்குவோர் காத்திருக்கத் தேவையில்லை. புதுக் காருக்கு டெலிவரி நாளிலேயே கோட்டிங் வேண்டாம் என்று சொல்லலாம். பழைய காரின் அடியில் நேற்று அடித்ததுபோல் கறுப்பு மின்னினால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, ஏன் அடித்தீர்கள், அடிப்பதற்கு முன் எடுத்த படம் எங்கே என்று கேளுங்கள். படம் இல்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.