ஒரு நாள் பூவுக்கு மூன்று வருடம்



போன வருடம் ஜூலையில் நியூ ஜெர்சியில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். இரவும் பகலும் இடம் மாறிப்போனதில் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக வாசலுக்கு வந்துவிடுவேன். அந்தப் பருவத்தில் அங்கே சாலையோரமெல்லாம் ஒரே ஆரஞ்சுப் பூ. யாரும் நட்டுத் தண்ணீர் ஊற்றியதாகத் தெரியவில்லை. வாய்க்கால் கரையிலும் தபால் பெட்டிக் காலடியிலும் தன்பாட்டில் பூத்துக் கிடந்தது. "டேலில்லி" என்றாள் அக்கா.

பெயரில்தான் லில்லி. லில்லிக்கு மண்ணுக்குள் குமிழ் இருக்கும், இதற்கு இல்லை. தடித்த வேர்க்கொத்து, அதன்மேல் விசிறிபோல் விரிந்த இலைகள், நடுவே நெடுக எழும் பூத்தண்டு, அவ்வளவே. 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த ஹெமரோகாலிஸ் என்ற பெயர், நாள், அழகு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு நாள். ஆனால் தண்டு முழுக்க மொட்டுகள் முறைவைத்துக் காத்திருப்பதால் செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். பனி உலர்ந்ததும் தோட்டத்துக்கு வருவார். கையில் ஒரு சிறிய இடுக்கி, சட்டைப் பையில் நூல் கட்டிய அட்டைத் துண்டுகள். ஒரு பூவிலிருந்து மகரந்தத்தாளைக் கிள்ளி எடுப்பார். வேறொரு செடிக்குப் போய், அதன் பூவில் நீண்டு நிற்கும் சூலகத்தண்டின் நுனியை அந்த மஞ்சள் பொடியால் ஒரு தடவு தடவுவார். அட்டையில் தாய்ச்செடி பெயரை முதலிலும் தந்தைச்செடி பெயரை அடுத்தும் எழுதிக் காம்பில் கட்டுவார். பிறகு அடுத்த பூ.

அந்தக் கையசைவை நான் முன்பே பார்த்திருக்கிறேன், மூலனூர்ப் பக்கத்துக் கண்வலிக்கிழங்குக் காட்டில்! நம் மாநில மலரான செங்காந்தள்தான் கண்வலிக்கிழங்கு. அதன் சூலகத்தண்டு பக்கவாட்டில் ஒடிந்ததுபோல் திரும்பி, மகரந்தத்துக்கு எட்டாமல் விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் பூப்பருவம் முழுக்கக் காலை வேளையில் ஆட்கள் காடு முழுக்க நடந்து, பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் வைக்கிறார்கள். அவர்களுக்கு அது கூலி வேலை. இந்த அம்மாவுக்கு ஆசை. விரல் போகிற விதம் மட்டும் அச்சு அசல் ஒன்றே.

அவரிடம் நான் முதலில் கேட்டது, சாலையோரத்து ஆரஞ்சுப் பூ ஏன் காயே வைக்கவில்லை என்பதைத்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பூவின் நவீன வரலாறே அந்தக் கேள்வியில் தொடங்கியதாம்.

ஆர்லோ ஸ்டவுட் என்ற தாவரவியலாளர் 1876-இல் பிறந்தவர். சிறுவயதில் அம்மாவின் தோட்டத்தில் இந்த ஆரஞ்சுச் செடி வருடம் தவறாமல் பூத்தும் ஒரு விதைகூடத் தராததைக் கவனித்திருக்கிறார். 1911-இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் சேர்ந்தபின் அந்தப் புதிரைக் கையில் எடுத்தார். விடை குரோமோசோம் கணக்கில் இருந்தது. சாதாரண டேலில்லிக்கு 22 குரோமோசோம். சாலையோரச் செடிக்கு 33. மூன்று பங்காக இருப்பதால் சரிபாதியாகப் பிரிய முடியாது. விதை பிடிப்பது அபூர்வம். வேர் ஓடியும், மனிதர் தூர் பிரித்து நட்டுமே அது கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஸ்டவுட் அத்தோடு நிற்கவில்லை. சீனாவின் நான்கிங்கில் பணியாற்றிய ஆல்பர்ட் ஸ்டூவர்ட் அங்குள்ள காட்டுச்செடிகளை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஸ்டவுட் தன் வாழ்நாளில் 50,000-க்கும் மேற்பட்ட கலப்புகள் செய்தார். மஞ்சளும் ஆரஞ்சும் துருவேறிய செம்மஞ்சளும் மட்டுமே இருந்த குடும்பத்தில், 1934-இல் 'தெரான்' என்ற அடர்சிவப்பு ரகம் வந்தது. இன்று இளஞ்சிவப்பு, ஊதா, ஏறக்குறைய வெள்ளை, ஓரத்தில் சரிகை போட்டதுபோல் சுருங்கிய இதழ் எல்லாம் உண்டு. அசல் நீலம் மட்டும் இன்னும் யார் கைக்கும் சிக்கவில்லை.

ஸ்டவுட்டுடைய அம்மாவின் தோட்டம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சீனத்தில் இந்தச் செடிக்குக் கவலையை மறக்கவைக்கும் செடி என்று ஒரு பெயர் உண்டு. பழைய வீடுகளில் தாய் இருக்கும் கூடத்தின் அருகே இதை நடுவார்கள். அந்த வழியாகவே அது தாய்க்கு ஆகிவந்த பூ ஆனது. அதன் மொட்டைக் காயவைத்துச் சூப்பில் போடுவதும் அவர்கள் வழக்கம். பொன் ஊசி என்று அதற்குப் பெயர்.

எனக்கு இந்தப் பூ ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று யோசித்தேன். இதை வளர்த்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆய்வகத்துக்காரர்கள் அல்ல. 1890-களில் முதல் கலப்பு ரகமான 'ஆப்ரிகாட்'டை உருவாக்கிய ஜார்ஜ் யெல்ட், இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர். 'சைலோம்' என்று தொடங்கும் நூற்றுக்கணக்கான ரகங்கள் பாலின் ஹென்றி என்ற பெண்மணி ஆர்க்கன்சா மாநிலத்தில் சைலோம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தன் தோட்டத்தில் எழுப்பியவை. ஊர்ப் பெயரையே பூவுக்கு இட்டார். உலகமெங்கும் விற்கும் குட்டி மஞ்சள் 'ஸ்டெல்லா டி ஓரோ' இண்டியானாவில் வால்டர் ஜப்லான்ஸ்கி 1975-இல் பதிவு செய்தது. 1985-இல் அதற்கு ஸ்டவுட் பெயரிலான வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பதிவேட்டில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். விரலும் பொறுமையும் உள்ள எவருக்கும் அதில் இடம் உண்டு என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு கட்டத்தில் வேதியியலும் உள்ளே வந்தது. கால்ச்சிசின் என்ற பொருள் செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் என்பது 1937-இல் தெரியவந்தது. 1960-களின் தொடக்கத்தில் சிகாகோ பக்கம் ஆர்வில் ஃபே, ராபர்ட் கிரீஸ்பாக் போன்றோர் அதைக்கொண்டு 44 குரோமோசோம் உள்ள டெட்ராப்ளாய்டுகளைப் பரப்பினார்கள். தடித்த இதழ், உறுதியான தண்டு, ஆழமான நிறம். வீட்டில் கலப்புச் செய்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்: 22-உம் 44-உம் ஒட்டாது. எத்தனை காலை முயன்றாலும் காய் உதிரும். சரி, கால்ச்சிசின் எதிலிருந்து கிடைக்கிறது? ஐரோப்பாவின் ஒரு இலையுதிர்காலப் பூவிலிருந்தும், நம் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்தும். மூலனூர்க் காட்டில் கையால் மகரந்தம் வைத்து விளையும் அந்த விதையேதான்! கொடிய நஞ்சு அது. கீல்வாத மருந்துக்காக நாடு விட்டு நாடு போகிறது.

மூன்றாவது நாள் அந்த அம்மா இடுக்கியை என் கையில் கொடுத்தார். இளமஞ்சளில் ஊதாக் கண் வைத்த பூ தாய், மாந்தளிர் நிறத்தில் ஒன்று தந்தை. தொட்டுவிட்டு அட்டையில் தமிழில் எழுதிக் கட்டினேன். கடும் வெயில் நாளில் செய்தால் பெரும்பாலும் பிடிக்காது என்று எச்சரித்திருந்தார். நல்லவேளை, அன்று மேகமூட்டம். நான் ஊருக்குக் கிளம்பும்போது பிஞ்சு பட்டாணி அளவு இருந்தது.

காய் முற்ற ஆறு முதல் எட்டு வாரம். நுனி வெடித்ததும் மிளகளவில் மினுக்கும் கறுப்பு விதைகள் தெரியும். அவற்றை ஈரத்தாளில் சுற்றிச் சில வாரம் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு விதைக்கிறார்கள். பூக்க அந்தக் குளிர்நாட்டில் இரண்டு மூன்று வருடம். ஒரே காயின் விதைகள் ஒன்றுபோல் பூக்காது. கூடப்பிறந்த பிள்ளைகள்போல் ஒவ்வொன்றும் ஒரு விதம். நூறு நாற்றில் ஒன்றிரண்டு தேறினாலே பெரிது என்றார். மற்றவை? "அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு, மிச்சம் உரக்குழிக்கு" என்றார், கொஞ்சம் குரல் இறங்கி. மகரந்தம் வைப்பது ஒரு நொடி வேலை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் அவருடைய முப்பது வருடமும் போயிருக்கிறது.

வளர்க்க நினைக்கும் வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். சில வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடுங்கள். குளிரில் இலை பட்டுப்போய் உறங்கும் ரகங்களுக்கு அந்தக் குளிர் வேண்டும்; வெப்பமான ஊர்களுக்கு இலை காயாத ரகங்களே நல்லது. பூனை வளர்க்கும் வீட்டில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். இலையோ மகரந்தமோ சிறிது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

கண்வலிக்கிழங்குக் காட்டில் மகரந்தம் வைக்கும் வேலை செய்தவர்கள் உங்களில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒரு காலையில் எத்தனை பூ, எந்த விரல், மாலையில் கை எப்படி இருக்கும் எல்லாம் வேண்டும். அதற்கு எத்தனை பக்கம் ஆனாலும் ஒதுக்குகிறேன்.

போன வாரம் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அந்த அம்மா வீட்டு ஜன்னலோரத் தட்டு. என் காயில் ஏழு விதை, ஐந்து முளைத்திருக்கிறது. புல்லைப்போல் மெலிந்த ஐந்து இலை, பக்கத்தில் தண்ணீர் பட்டுக் கலைந்த தமிழ் எழுத்தோடு அதே அட்டை.

அன்புடன்,
ஆசிரியர்