காயலான் கடைக்கா, கூரைக்குக் கீழா? ஆவ்ரோ விமானங்களுக்கு என்ன வழி?

சேலம் கமலாபுரத்தில் விமானம் ஏறியவர்களுக்கு ப்ரொப்பல்லர் புதிதல்ல. கிங்ஃபிஷர், ட்ரூஜெட், பிறகு இண்டிகோ, அலையன்ஸ் ஏர் என்று கம்பெனிகள் மாறினாலும் வந்து இறங்குவது ஏ.டி.ஆர். விமானம்தான். "என்னங்க, காத்தாடி வெச்ச ப்ளேனா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஒரு காலத்தில் இந்தியாவின் விமானப் பயணமே அந்தக் காத்தாடியை நம்பித்தான் இருந்தது. 1953-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்.

அவற்றில் இன்று நாம் போய்ப் பார்க்க மிஞ்சியது எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம். பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டா ஒன்று கொல்கத்தா விமான நிலையத்தில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 ஜனவரியில்தான் அதைக் கழற்றி, லாரிகளில் ஏற்றி புவனேஸ்வரம் கொண்டுபோனார்கள். பறக்கும் நிலையில் இருப்பது விமானப் படையின் 'பரசுராமா'. அயர்லாந்தில் கிடந்த டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சீர்செய்து பரிசளித்தார். 2018 ஏப்ரலில் அது பறந்தே இந்தியா வந்தது. 1947-ல் ஸ்ரீநகரில் படைகளை இறக்கிய விமானத்தின் எண்ணை அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வேறு விமானம். அந்தப் பழைய விமானத்தை நாம் காப்பாற்றி வைக்கவில்லை.

அப்படி என்ன கஷ்டம்?

விமானத்தின் எதிரி வயதல்ல, ஈரம். மேல்தோல் அலுமினியக் கலவைத் தகடு. தகடும் தகடும் ரிவெட்டில் சேரும் இடுக்கில் ஈரம் இறங்கினால் அரிப்பு உள்ளேயே பரவும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், தட்டிப் பார்த்தால் பொடியாக உதிரும். உப்புக்காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்ஜின் கதை தனி. டகோட்டாவின் 14 சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கியவை. சும்மா நிறுத்தினால் எண்ணெய் வடிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால்தான் கிளப்புவதற்கு முன் ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் பறக்கவைக்க ஆசைப்பட வேண்டாம். அதற்கு உதிரிபாகம், லைசென்ஸ் உள்ள மெக்கானிக், ஓயாத செலவு எல்லாம் வேண்டும். நிறுத்திவைத்துக் காப்பாற்ற ஒரு கூரையும் விஷயம் தெரிந்த நாலு பேரும் போதும். அந்தக் கூரையைத்தான் நாம் போடுவதே இல்லை. அரக்கோணத்தில் பறந்து 2017-ல் ஓய்வுபெற்ற டியு-142 ஒன்று இப்போது விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகம். நல்ல காரியம்தான், ஆனால் வைத்த இடம் கடற்கரைச் சாலை!

அடுத்து ஆவ்ரோவின் முறை. கான்பூரில் எச்.ஏ.எல். கட்டி, 1961-ல் முதன்முதலாகப் பறந்த விமானம். விமானப் படைக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் உழைத்தது. படையில் மிச்சமிருக்கும் ஆவ்ரோக்களுக்குப் பதிலாக 56 சி-295 விமானங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பழையவை வெளியேறும்போது ஒன்றையாவது தமிழக அரசு கேட்டு வாங்க வேண்டும். கொண்டுவந்து நிறுத்த ஏற்ற இடம் சேலம்.

கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் வறண்ட காற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஆட்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிறார்கள். தகட்டைத் தொட்டே தடிமன் சொல்லும் கைகள் அவை. விமான ரிவெட் வேறு வித்தைதான், பட்டறை அனுபவத்தை வைத்து நேராக இறங்கிவிட முடியாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதல் விமானப் பொறியியல் கற்றுத் தருகிறார்கள், அவர்கள் வந்து சொல்லிக்கொடுக்கட்டும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை என்று அறிவித்தாயிற்று. அங்கே வேலைக்குப் போகப்போகும் ஐ.டி.ஐ. பையன் நிஜ விமானத்தின் இறக்கையைக் கழற்றிப் பார்த்திருந்தால் நல்லதுதானே?

"ஆஸ்பத்திரிக்கே பணமில்லை, இது தேவையா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆவ்ரோக்கள் ஏலத்துக்குப் போய்விட்டால், பிறகு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் வாங்க விமானம் இருக்காது. கேட்க வேண்டிய கடிதத்தை இப்போதே எழுதலாம், கூரைக்கான டெண்டரை அடுத்த வருஷம் விடலாம்.