மென்று தின்ன முடிகிறதா?

எங்கள் சித்தப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கன்னத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் முடித்துக்கொண்டு வீடு திரும்பினார். மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். "சாப்பிடுகிறேன்" என்பார். பொய்யில்லை. நம் பக்கத்தில் கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை. சாற்றில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். மூன்று வேளையும் அதைத்தான் விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் கல்யாணப் பந்தியையும் அவர் தவிர்த்து வந்ததை மருத்துவமனையில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வாய்ப்புற்றுநோய் குணமானதா என்று பார்ப்பது மட்டும் போதாது. நோயாளியால் எவ்வளவு மெல்ல முடிகிறது என்பதையும் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மெல்லும் சக்தி பல வழிகளில் குறைகிறது. தாடை எலும்பை வெட்டினால் பற்கள் போகின்றன. நாக்கில் ஒரு பகுதி போனால் உணவைப் பல்லுக்கு அடியில் தள்ள ஆளில்லை. கதிர்வீச்சினால் உமிழ்நீர் வற்றுகிறது. தாடைத் தசைகள் இறுகுகின்றன. பாக்கு மெல்லும் பழக்கத்தால் ஏற்கெனவே வாய் இறுகியவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

இதை அளக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும். 1950-லேயே அமெரிக்காவில் மேன்லி, பிரெய்லி என்ற இருவர் வேர்க்கடலையை மெல்லச் சொல்லி, துப்பியதைச் சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள். கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய் வறண்டவர்களுக்குக் கடலைத் தூள் தொண்டையில் சிக்கலாம். அதனால் இப்போது இரண்டு நிறச் சூயிங்கம் அல்லது மெழுகு வில்லையைச் சுமார் 20 முறை மெல்லச் சொல்லி, நிறங்கள் எவ்வளவு கலந்தன என்று பார்க்கிறார்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோலே போதும். முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் வாய் இறுக்கம் என்று கொள்கிறார்கள்.

அளந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்ச் சரித்திரமே பதில் சொல்லும். சுரங்கத் தொழிலாளர் இருமிய காலமெல்லாம் அது வெறும் இருமலாகவே இருந்தது. 1940-களில் 7,653 பேரைச் சோதித்தபோதுதான் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருப்பது எண்ணிக்கையாக வெளிவந்தது. எண்ணிக்கை இல்லாத வலிக்கு யாரும் பதில் சொல்வதில்லை. மெல்லும் சக்தியும் அப்படித்தான். சிகிச்சைக்கு முன் ஒருமுறை, பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்தால், குறைவது உடனே தெரியும். தாடைப் பயிற்சியா, பொய்ப்பல்லா, வேறு வகை உணவா என்று முடிவு செய்யலாம்.

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு நம் குடும்பங்கள் பல பெங்களூரு ரயிலை நம்பியே வாழ்கின்றன. ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்குப் போகிறவர், போன வேலையை முழுதாக முடித்து வர வேண்டாமா? ஆகவே மூன்றை மறவாதீர்கள். கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். "என்னால் எவ்வளவு மெல்ல முடிகிறது, அளந்து சொல்லுங்கள் டாக்டர்" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்கள், அவர் எதைச் சாப்பிட மறுக்கிறார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள்.

நம் சங்கம் நடத்தும் மருத்துவ முகாம்களில் ஒரு பல் மருத்துவரையும் ஓர் அளவுகோலையும் சேர்த்துக்கொண்டால் பெரிய செலவில்லை. உயிர் பிழைத்தவர் பந்தியில் நம்மோடு உட்கார வேண்டும். அதுவரை சிகிச்சை முடிந்ததாக நாம் எண்ணக்கூடாது.