பழுதைப் படிக்கும் உரிமை

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஒரு கார் திருப்பத்தில் அதிரத் தொடங்கியதும், உரிமையாளர் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார். பழுதுக் குறியீடு எதுவும் தோன்றாவிட்டால் பழுதே இல்லை என்று அமைதி கொள்கிறார். அல்லது பெருஞ்செலவை அஞ்சிப் பட்டறையிடம் முழுமையாகச் சரணடைகிறார். இரண்டிலும் பறிபோவது ஒன்றுதான்: காரணத்தைத் தாமே பிரித்தறியும் வாய்ப்பு.

சிட்கோ திட்டமிட்டு உருவாக்கிய நவி மும்பையின் கோபர்கைரனே போன்ற இடங்களில் இந்தக் கேள்வி அன்றாடம் எழக்கூடியது. செக்டர்களின் உட்தெருக்களில், நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. அத்தகைய திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையைக் கடக்கின்றன. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி ஆகியவற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிவிட்டு உலர்ந்த சாலையில் திரும்பினால், அந்த வேறுபாட்டுக்கு இடமின்றி அமைப்பு முறுக்கேறும். அது பழுதன்று, இயல்பு. ரெனோ டஸ்டர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஆல்-வீல் டிரைவ் வகைகளிலோ, மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் ஒன்று வழுக்கி அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது. அங்கே அதே அதிர்வு ஓர் அறிகுறி.

அறிகுறியின் முதற்காரணம் பெரும்பாலும் கியர்களுக்கு வெளியே, டயரில் இருக்கலாம். பஞ்சரில் கெட்ட ஒரு டயரை மட்டும் மாற்றுவது நம்மிடையே இயல்பான சிக்கனம். புதிய டயரின் பள்ளம் 8 மி.மீ., பழையதன் பள்ளம் 3 மி.மீ. என்றால், ஆர வேறுபாடு 5 மி.மீ.; அளந்தால் சுற்றளவில் ஏறத்தாழ 31 மி.மீ. வேறுபடும். ஆல்-வீல் டிரைவுக்குப் பெயர்பெற்ற சுபாரு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்போ கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. 1.6 மி.மீ. பள்ளம் போதும் என்னும் சட்டத்துக்கு இரண்டு டயர்களும் உடன்படுகின்றன, கிளட்ச் உடன்படுவதில்லை. நேர்ச்சாலையிலும் அது ஓயாமல் வழுக்குகிறது, சூடேறுகிறது, அதன் எண்ணெய் தன்மை கெடுகிறது.

ஆகவே வீட்டுச் சோதனையின் முதற்கருவி அளவு நாடா. நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சமமாக்கிச் சுற்றளவை அளப்பது முதற்படி. அடுத்தது செவி. முழுத் திருப்பத்தில் வேகத்தோடு விரையும் 'டக் டக்' ஒலி சிவி ஜாயிண்ட்டைச் சுட்டும். இடப்புறம் திரும்பும்போது ஒருவிதமாகவும் வலப்புறம் திரும்பும்போது வேறுவிதமாகவும் மாறும் முனகல் சக்கர பேரிங்கைச் சுட்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மாறும் ஊளை டிஃபரன்ஷியலைச் சுட்டும். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமே உரிய ஒழுக்கமன்று. எல்லையும் உண்டு: ஓர் அச்சை மட்டும் ஜாக்கில் உயர்த்தி கியரில் ஓட்டினால், தரையிலுள்ள சக்கரங்கள் விசை பெற்று வண்டி பாய்ந்துவிடலாம்.

அதற்கு மேல் உரிமையாளரைத் தடுப்பது அறியாமையன்று, பூட்டு. ஓபிடி விதிகளால் புகை தொடர்பான குறியீடுகளைப் பொதுவான ஸ்கேனரால் படிக்க முடிகிறது. கிளட்ச்சின் வெப்பமும் அது கடத்தும் விசையும் பெரும்பாலும் உற்பத்தியாளரின் தனிமொழியிலேயே இருக்கின்றன. 2022இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது, வாகனத் துறையும் அதன் வரம்பில் இருந்தது. அவ்வுரிமை உதிரிபாகங்களோடு நின்றுவிடலாகாது. தரவைப் படிப்பதையும் உள்ளடக்க வேண்டும். பாதுகாப்பு என்பது உற்பத்தியாளரின் மறுமொழியாக இருக்கலாம். மென்பொருளை மாற்றுவதற்கு அது பொருந்தும்; படிப்பதற்குப் பொருந்தாது. நோயாளி தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பதால் மருத்துவம் ஆபத்துக்கு உள்ளாவதில்லை. மாற்றும் அதிகாரம் பயிற்சி பெற்றவரிடம் இருக்கட்டும். அறியும் அதிகாரம் பொருளுக்கு விலை கொடுத்தவருடையது.